விசா ஏஜென்சி நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு டவல்காரனின் திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

கரூர், திருப்பூர், ஈரோடு, கோவை என்று நம் பக்கத்து ஊர்களில் இருந்துகொண்டு அமெரிக்க பிசினஸ் விசாவுக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடை என்று பெயர் போடவில்லை. நான் போன கடையில் நடந்ததுதான் அடுத்த தெருக் கடையிலும் நடக்கிறது என்று பின்னால் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

நான் கரூர் வெங்கமேட்டில் கிச்சன் டவலும் ஏப்ரனும் செய்து அனுப்புகிறவன். சொந்தத் தறி பன்னிரண்டு, மீதியெல்லாம் வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்கும் ஜாப் ஒர்க். சரக்கு தூத்துக்குடி வழியாகப் போகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் சரக்கு வாங்குகிற ஒரு பையர். ஆறு வருஷமாக என் ஆர்டரில் முக்கால்வாசி அவருடையதுதான். ஒரு வருஷம் அனுப்பிய ஒரு லாட்டில் வம்பு வந்தது. மூன்று முறை துவைத்தால் ஐந்து சதவீதம் வரை சுருங்கலாம் என்பது எங்களுக்குள் உள்ள பேச்சு. அந்த லாட் ஒன்பது சதவீதம் சுருங்கிவிட்டது. 28 அங்குல டவல் இருபத்தைந்தரையில் வந்து நின்றது. பையர் மெயில் போட்டார், நாலே வரி: அக்டோபரில் ஹை பாயிண்ட் மார்க்கெட்டுக்கு வா, என் ஷோரூமில் உட்கார்ந்து இந்தச் சுருக்க விஷயத்தைப் பேசி முடிப்போம், அடுத்த சீசன் டிசைனையும் பார்த்துவிடலாம்.

ஹை பாயிண்ட் என்பது வட கரோலினாவில் ஒரு சின்ன ஊர். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வீட்டு ஃபர்னிச்சர், அலங்காரச் சாமான் வியாபாரமே அங்கே வந்து குவியும். 1909-இல் தொடங்கிய சந்தை. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது திருவிழாவும் பஞ்சாயத்தும் ஒரே இடத்தில் நடப்பது போல.

மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்தேன். படித்துப் பார்த்தார் தம்பி. "இதைக் காட்டவே காட்டாதீங்கண்ணா. கம்ப்ளைண்ட்டுனு இருக்குது, நெகட்டிவ்வா போயிரும்" என்றார். அவரே ஒரு பக்கத்துக்கு அழைப்புக் கடிதம் டைப் செய்து கொடுத்து, பையரிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார். அதில் டவலும் இல்லை, சுருக்கமும் இல்லை. வியாபார வாய்ப்புகளை ஆராய்வது, உறவை வலுப்படுத்துவது என்று ஊதுபத்தி வாசனை மாதிரி ஆங்கிலம். பையர் என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஃபாரம். டி.எஸ். 160 என்கிற அந்த ஆன்லைன் ஃபாரத்தை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. பாஸ்போர்ட், பேன் கார்டு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு "நாங்க பாத்துக்கறமுங்க" என்றார்கள். இரண்டு நாள் கழித்து பார்கோடு போட்ட ஒரு தாள் கைக்கு வந்தது. கூடவே ஒரு நீல ஃபைல். கூடவே இரண்டு பக்கக் கேள்வி-பதில், மனப்பாடம் செய்யச் சொல்லி. பதினைந்தாயிரம் வாங்கினீர்கள், அது போக விசா கட்டணம் 185 டாலர் தனி. பணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நீங்கள் செய்யும் சில காரியங்களுக்கு அது தகும்தான். இரண்டுக்கு இரண்டு அங்குலப் போட்டோ, வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது, ஐந்து வருஷத்துச் சமூக வலைத்தளக் கணக்குகளை எழுத வேண்டும், தேதி எப்போது திறக்கிறது என்று ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் தறி ஓட்டுகிறவனால் ஆகாது. சரி, அது உங்கள் தொழில், ஒத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் சென்னையில் விரல்ரேகையும் போட்டோவும் எடுத்தாயிற்று. மறுநாள் காலை ஜெமினி பாலத்துப் பக்கம் தூதரகம். செல்போன், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் மச்சானிடம் கொடுத்துவிட்டு நீல ஃபைலோடு வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் ஒருவர் கையிலும் அதே நீல ஃபைல். அதே லேபிள். பேச்சுக் கொடுத்தேன். அவர் திருப்பூர், பனியன். அவருக்கும் இரண்டு பக்கத் தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் மைக். பேசுவது பின்னால் நிற்கிறவர்களுக்கும் காதில் விழும். திருப்பூர்க்காரர் சொன்னார்: "ஐ யாம் கோயிங் டு எக்ஸ்ப்ளோர் பொட்டென்ஷியல் பிசினஸ் ஆப்பர்ச்சுனிட்டீஸ் அண்ட் ஸ்ட்ரெங்தன் அவர் பிசினஸ் டைஸ்." எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. என் தாளில் முதல் பதில் அதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. பத்து நிமிஷம் கழித்து அதே ஜன்னலில் அதே அதிகாரியிடம் நானும் அதையே ஒப்பித்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த கேள்வி: ஏன் நியூயார்க்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையர் வட கரோலினாவில் இருக்கிறார் என்றேன். ஃபாரத்தில் நியூயார்க் ஓட்டல், முப்பது நாள் என்று இருக்கிறதே என்றார். அதை நிரப்பியவர் நீங்கள். "எல்லாரும் நியூயார்க்தானுங்க போடுவாங்க" என்று பின்னால் எனக்கு விளக்கம் வேறு சொன்னீர்கள். முப்பது நாள் அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். பதற்றத்தில் சொன்னேன்: "கோயிங் ஃபார் வொர்க், மேடம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் "ஒரு வேலையா ஈரோடு வரைக்கும் போறேன்" என்றால் அங்கே போய் சம்பளத்துக்கு உட்காரப்போகிறேன் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவதும் வேலைதான், வக்கீலைப் பார்ப்பதும் வேலைதான். அந்த "வேலை"யை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஜன்னலில் வைத்தால் அர்த்தமே வேறு. பி-1 என்கிற இந்த பிசினஸ் விசாவே அமெரிக்காவில் வேலை பார்க்கக்கூடாது என்ற அடிப்படையில் தருவது. பையரைப் பார்க்கலாம், பேரம் பேசலாம், ஒப்பந்தம் போடலாம், கண்காட்சியில் ஸ்டால் போட்டு சாம்பிள் வைக்கலாம், ஆர்டர் எடுக்கலாம். சரக்கு மட்டும் இங்கே தயாராகி இங்கிருந்து போக வேண்டும். அங்கே யாரிடமும் சம்பளம் வாங்கக்கூடாது. கோவையில் மெஷின் செய்து விற்கிறவர், விற்பனை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், மெஷினை நிறுவிக் கொடுக்கத் தன் மெக்கானிக்கை இதே விசாவில் அனுப்பலாம், சம்பளம் இங்கேயே கொடுத்து. இவ்வளவுதான் விஷயம். இரண்டு பக்க மனப்பாடத் தாளில் இதில் ஒரு வரி உண்டா? எக்ஸ்ப்ளோர் சொல்லிக் கொடுத்தீர்கள், வொர்க் என்ற சொல்லை எங்கே வைக்கக்கூடாது, ஏன் என்று சொல்லவில்லை.

மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. பாஸ்போர்ட்டோடு ஒரு தாள் திரும்பி வந்தது. 214(பி). அதில் என் பெயரில் தனிக் காரணம் எதுவும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் ஒரே அச்சு. அந்தச் சட்டப் பிரிவு என்ன சொல்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். விசிட்டர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லை, திரும்பி வருவேன் என்று காட்டுவது நம் பொறுப்பு. 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம். ஆக, அங்கே நமக்கு எடுத்த எடுப்பில் மைனஸ் மார்க். அதைத் தெரிந்துகொண்டு போகிறவன் ஒரு மாதிரி பேசுவான், தெரியாமல் போகிறவன் வேறு மாதிரி பேசுவான்.

அந்த அம்மாவை நான் தப்பு சொல்லமாட்டேன். ஃபாரத்தில் ஒரு ஊர், வாயில் ஒரு ஊர். ஒரே வாக்கியத்தோடு இரண்டு ஆள். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். நேரில் டவலைத் தண்ணீரில் போட்டுக் காட்டி, சாயப்பட்டறையில் எங்கே சூடு கூடிப்போனது என்று சொல்லியிருந்தால் பேசித் தீர்ந்திருக்கும். மெயிலிலேயே இழுத்து, கடைசியில் மூன்றரை லட்சம் டெபிட் நோட், அதாவது எனக்கு வரவேண்டிய பணத்தில் பிடித்தம். அது போகட்டும். அடுத்த சீசனில் பாதி ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று. மறுபடி விசா தேதிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். மறுபடி 185 டாலர். மறுத்தால் அதுவும் திரும்ப வராது.

இரண்டாவது தடவையும் முதலில் உங்களில் இன்னொருவரிடம்தான் வந்தேன், புத்தி வரவில்லை. அங்கே இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, கணக்கில் பத்து லட்சம் ஒரு வாரம் போட்டு பேலன்ஸ் காட்டுவது. ஏற்பாடு அவர்களே செய்து தருவார்களாம், வட்டிக்கு. இரண்டு, டல்லாஸில் இருக்கும் என் தங்கச்சியை இல்லை என்று போட்டுவிடுவது. "கூடப் பொறந்தவங்க அங்க இருக்காங்கன்னா விசாவே கெடைக்காதுங்ணா."

பேலன்ஸ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை மாதிரி எக்ஸ்போர்ட்டர் கணக்கில் எப்போதாவது பத்து லட்சம் சும்மா கிடக்குமா? பேக்கிங் கிரெடிட்டில் ஓடுகிறது வண்டி. ஆர்டரைக் காட்டி வங்கியில் கடன், அதில் நூல், நூல் தறிக்கு, தறியிலிருந்து பட்டறை, தையல், பேக்கிங், கண்டெய்னர், பையர் பணம் வந்ததும் வங்கி தன் கடனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தால் வருஷம் முழுக்க மைனஸ்தான். ஆனால் அந்த மைனஸ்தான் நான் வியாபாரி என்பதற்கு அத்தாட்சி. ஆறு வருஷத்து ஷிப்பிங் பில், பணம் வந்ததற்கு வங்கி தந்த சர்டிபிகேட், வரிக் கணக்கு. இவ்வளவும் கையில் இருக்கிறவன் எதற்கு ஒரு வாரத்துக்கு வாடகைப் பணம் காட்ட வேண்டும்? திடீரென்று முளைத்த பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், உங்கள் பெயரையா?

தங்கச்சி விஷயம் அதைவிட மோசம். ஃபாரத்திலேயே நேராகக் கேட்கிறார்கள், அமெரிக்காவில் உடன்பிறந்தவர் உண்டா என்று. இல்லை என்று போட்டு, பின்னால் தெரிந்து, உண்மையை மறைத்தான் என்று எழுதிவிட்டார்கள் என்றால் அது 214(பி) மாதிரி அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்கிற கதை கிடையாது. அது வேறு பிரிவு, 212. ஆயுளுக்கும் தடை, தனியாக விலக்கு வாங்கினால்தான் உண்டு. என் தங்கச்சி அவள் வீட்டுக்காரரோடு சட்டப்படி வேலைக்குப் போனவள். அவளை மறைக்க நான் யாரு? ஒரு ஆர்டருக்காகக் கூடப் பிறந்தவளை இல்லை என்று எழுதினால் எங்கள் அம்மா என்னை வீட்டுக்குள் விடாது. எழுந்து வந்துவிட்டேன்.

இந்த மாதிரி வார்த்தையை மாற்றிப் போடும் வித்தை பெரிய இடத்திலும் நடந்ததாக ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க அரசு இன்போசிஸ் மீது வைத்த குற்றச்சாட்டு, பி-1 விசாவில் ஆட்களை அனுப்பி அங்கே வேலை வாங்கினார்கள், அழைப்புக் கடிதத்தில் கூட்டம், கலந்துரையாடல் என்று எழுதினார்கள், எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று ஊழியருக்கே பட்டியல் கொடுத்தார்கள் என்பது. கம்பெனி மறுத்தது. ஆனாலும் 2013 அக்டோபரில் 3.4 கோடி டாலர் கட்டித்தான் சமரசம் செய்துகொண்டது. அவர்களுக்கு வக்கீல் படையே உண்டு. வெங்கமேட்டுக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியில் டி.எஸ். 160-ஐ வீட்டில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் பக்கத்தில். மூன்று ராத்திரி ஆயிற்று. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஃபாரம் மூடிக்கொள்ளும், நம்பரைக் குறித்துவைத்துத்தான் திரும்பத் திறக்க வேண்டும். தொழில் என்ற இடத்தில் போன தடவை நீங்கள் மேனேஜிங் டைரக்டர் என்று போட்டிருந்தீர்கள். நான் புரொப்ரைட்டர், அதையே போட்டேன். ஊர் ஹை பாயிண்ட், ஒன்பது நாள், அதில் இரண்டு நாள் டல்லாஸில் தங்கச்சி வீடு. முன்பு விசா மறுத்ததுண்டா என்ற கேள்விக்கு ஆமாம்.

பழகிப் பார்த்தது அடுக்களை ஜன்னலில். மகள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள், நான் வாசலில் நின்று பதில் சொல்வேன். எதற்குப் போறீங்க? எத்தனை நாள்? யார் செலவு? நீங்க இல்லாதப்ப தறியை யார் பாக்கறது? ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்பாள், ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னால் "அப்பா, மறுபடி ஒப்பிக்கறீங்க" என்பாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டு அக்கா நான் மகளிடம் ஏதோ கடன் கேட்பதாக நினைத்துக்கொண்டார்.

பேட்டி நாளில், தமிழிலேயே பேசுகிறேன் என்றேன். இது உங்களுக்குப் பிடிக்காத சமாச்சாரம், தெரியும். தமிழில் பேசினால் மதிப்பு போய்விடும் என்று முதல் தடவை கண்டிப்பாகச் சொன்னீர்கள். சென்னைத் தூதரகத்தில் தமிழில் பேட்டி கொடுக்கலாம். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அந்த அதிகாரி அவராகவே "வணக்கம்" என்றார். மொழிபெயர்க்க ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

எதற்குப் போகிறீர்கள்? ஏப்ரல் மார்க்கெட்டுக்கு என்றேன். போன வருஷத்துக்கு முன் வருஷம் என் டவல் சுருங்கிப் பாதி ஆர்டர் போயிற்று, அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும். எவ்வளவு சுருங்கியது என்று கேட்டார். விசா பேட்டியில் இந்தக் கேள்வி வரும் என்று நீங்களும் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள், நானும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு இருக்க வேண்டியது இவ்வளவு ஆயிற்று என்று காட்டினேன். லேசாகச் சிரித்தார். இப்போது சரியாகிவிட்டதா? ஆயிற்று, பட்டறையை மாற்றிவிட்டேன், ஒவ்வொரு லாட்டும் மூன்று முறை துவைத்து அளந்துதான் தையலுக்குப் போகிறது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? நீங்கள் இல்லாதபோது யார் பார்ப்பார்? சனிக்கிழமைக் கூலி என் மனைவி கணக்கு, தறி மேஸ்திரி பொறுப்பு. எப்போது திரும்புவீர்கள்? ஒன்பதாம் நாள். வைகாசியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால் ஊரில் ஆள் தறிக்கு வரமாட்டார்கள், அதற்குள் மே மாதச் சரக்கை ஏற்ற வேண்டும். மொழிபெயர்த்த அம்மாவுக்குக் கம்பம் என்றால் என்ன என்று விளக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தங்கச்சியைப் பற்றியும் கேட்டார். சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

ஃபைலை ஒரு தடவைகூடத் திறக்கச் சொல்லவில்லை. ஷிப்பிங் பில், வங்கி சர்டிபிகேட், பையரின் நாலு வரி மெயில் எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன், அப்படியே திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். விசா கிடைத்துவிட்டது. பத்து வருஷம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். தமிழில் பேசியதால்தான் கிடைத்தது, சுருக்கத்தைச் சொன்னதால்தான் கிடைத்தது என்றெல்லாம் நான் அடித்துப் பேசவில்லை. எதனால் கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆனால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் என்னிடமே இருந்தது. அமெரிக்காவில் இறங்கியதும் விமான நிலையத்து அதிகாரி மறுபடி அதையே கேட்டார், எதற்கு வந்தாய், எத்தனை நாள் என்று. விசா இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் அவர் கையில். அங்கேயும் டவல் கதைதான் சொன்னேன்.

2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி விழுந்ததிலிருந்து, பையரை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அலைகிறவர்கள் நம் ஊரில் கூடிவிட்டார்கள். உங்கள் கடைகளிலும் கூட்டம் கூடியிருக்கும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

வருகிறவரை உட்காரவைத்து முதலில் எதற்குப் போகிறார் என்று முழுசாகக் கேளுங்கள். கம்ப்ளைண்ட் என்றால் கம்ப்ளைண்ட், பாக்கி வசூல் என்றால் பாக்கி வசூல், அதுவும் வியாபாரம்தான். பையர் அவர் கையால் எழுதிய மெயிலை அழகுபடுத்தாதீர்கள். அந்த இரண்டு பக்கத் தாளைக் கிழித்துப் போடுங்கள், அதற்குப் பதில் உங்கள் கடைப் பையன் ஒருவனை வைத்து அரைமணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், அதற்கு வேண்டுமானால் தனியாகக் காசு வாங்குங்கள், தருகிறோம். ஃபாரத்தை ஆள் முன்னால் திறந்து வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லி நிரப்புங்கள். கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக அழுத்தும் பொத்தானை அவரே அழுத்த வேண்டும். விதியும் அதுதான்.

அந்தப் பொத்தானுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: இந்த ஃபாரத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? ஆமாம் என்றால் பெயரும் முகவரியும் கேட்கும். என் முதல் ஃபாரத்தில் நீங்கள் இல்லை என்று போட்டிருந்தீர்கள், பதினைந்தாயிரத்துக்கு ரசீதும் கொடுத்துவிட்டு. அடுத்து வருகிறவருக்காவது அந்தக் கட்டத்தில் உங்கள் கடைப் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வெங்கமேட்டு டவல்காரன்,
கரூர்.